பார்க்காத ஆற்றின் அகலம்

நான் போன வருஷம் மில்லுக்கு மெஷின் வாங்கக் கப்பலேறி ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக்குப் போய் வந்தவன் என்பது, இன்று கொடுமுடி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த வெள்ளகோவில்காரருக்குத் தெரிந்துவிட்டது.

“ஏனுங்க, அங்க பாக்கறதுக்கு என்னென்ன இருக்குதுங்க?”

மெஷின் சுற்றுகிற வேகத்தைச் சொன்னேன்.

“இல்லீங்க, ஊரைக் கேட்டனுங்க.”

அங்கே முதல் ஞாயிற்றுக்கிழமை, மெஷின் விற்றவர் குடும்பத்தோடு வந்து ஆற்றில் படகு சவாரிக்கு அழைத்தார். கரையில் பாட்டுக் கச்சேரியும் உண்டு என்றார். “படகு எதுக்குங்க, பட்டறையைத் திறந்து காட்டுங்க” என்றேன். அவர் குழந்தைகள் படகுக்கென்றே உடுத்தி வந்திருந்தார்கள்.

மறு ஞாயிறு அவர் கூப்பிடவில்லை.

வெள்ளகோவில்காரரிடம், “ஊருக்குள்ள ஒரு ஆறு ஓடுதுங்க” என்று மட்டும் சொன்னேன்.

“அந்த ஆறு நம்ம காவேரியாட்டம் அகலமுங்களா?”

“அதே அகலந்தானுங்க” என்று சொல்லிவிட்டேன்.

பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். மெஷினைப் பற்றி எது வேண்டுமானாலும் நான் சொல்கிறேன்.