பிச்சைமுத்து கட்டிய தவளை வீடு

பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவன், தவளைக்குத் தண்ணீர் வேண்டும் என்றதும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினானாம். அப்படித்தானே சொல்கிறீர்கள்? ஓடினான். இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதியை விழுங்கிவிட்டு மீதியை ஈப்போவில் இந்தப் புந்தோங் வட்டாரம் முழுக்கப் பரப்பினால் அது எந்த ஊர் நியாயம்? தவளையை வைத்துச் செய்வினை செய்கிறான் என்கிறார்கள். கொழுக்க வளர்த்துச் சாப்பாட்டுக் கடைக்கு விற்கிறான் என்கிறார்கள். பெண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து தின்கிறான் என்கிறார்கள். அந்தப் பெண்டாட்டி விமலா அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாளா? போய்க் கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டு வாயில்லா ஜீவனும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள் அவள்.

பிச்சைமுத்து தாப்பாப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். முதலாளிகள் தோட்டத்தை விற்று அங்கே வீடுகள் கட்டியபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கும் லோரியை ஓட்டித்தான் அவன் பிழைத்தான். கோஸ், தக்காளி, சாவி கீரை, எல்லாம் விடிவதற்குள் ஈப்போவில் இருக்கும். ஒரு மழை நாளில், தாப்பாவுக்கு மேலே ஒரு வளைவில், லோரி வழுக்கிக் கவிழ்ந்தது. கூட வந்த உடையப்பன் ஒரு கீறல் இல்லாமல் வெளியே விழுந்தான். பிச்சைமுத்துவுக்குக் காலில் கம்பி வைத்தார்கள். கால் ஆறிவிட்டது. ஆறாதது வேறொன்று. வீட்டுக் கேட்டைத் தாண்ட அவனால் முடியவில்லை.

சோம்பேறித்தனம் என்று வாய் கூசாமல் சொல்பவர்கள் அவன் கேட்டருகே நின்றதைப் பார்த்திருக்க வேண்டும். பெரிய ரோட்டில் லோரி பிரேக் அடிக்கும் சத்தம் கேட்டால் போதும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். விமலாவுக்குப் பித்தப்பைக் கல்லை எடுக்க ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளில் அவன் குளித்து, நெற்றியில் திருநீறு இட்டு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டுதான் புறப்பட்டான். கார் வாசலில் நின்றது. கேட்டுக் கம்பியைப் பிடித்தவன் பிடித்தபடியே நின்றான்.

"நீங்க இருங்க. நான் போயிட்டு வாரேன்," என்றாள் விமலா.

கார் போன பிறகும் அவன் அந்தக் கம்பியை விடவில்லை. பிறகு உள்ளே போய் அரிசிக் கஞ்சி காய்ச்சினான். பக்கத்து வீட்டு மருமகள் புனிதாவைக் கேட்டருகே கூப்பிட்டு, தூக்குச் சட்டியில் கொடுத்தனுப்பினான். விமலா வீடு திரும்பும்வரை வேளை தவறாமல் கஞ்சி போனது. ஆள் போகவில்லை என்பது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. கஞ்சி போனதை யாராவது பேசுகிறார்களா?

உடம்பு தேறி விமலா மறுபடி வேலைக்குப் போனாள். அவளுக்குக் காய்கறிக் கிடங்கில் கீரை பிரித்துக் கட்டும் வேலை. ஒருநாள் சாவிக் கீரைக் கூடையில் கையை விட்டவள் அலறிக்கொண்டு பின்னால் குதித்தாள். உள்ளே ஒரு மரத்தவளை. மெலிந்து நீண்ட கால், காய்ந்த இலை நிறம், விரல் நுனியெல்லாம் பொட்டு வைத்ததுபோல் உருண்டை. கேமரனிலிருந்து கீரையோடு கீரையாக லோரி ஏறி வந்திருக்கிறது. மற்றவர்கள் துடைப்பத்தை எடுத்தார்கள். விமலாவுக்கு என்ன தோன்றியதோ, பிஸ்கட் டின்னில் பிடித்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"இந்தாங்க, நீங்க ஓட்டிக்கிட்டு வந்த வழியிலதான் இதுவும் வந்திருக்கு," என்று அவன் மடியில் வைத்தாள்.

திறந்து பார்த்தவன் வெகு நாள் கழித்துச் சிரித்தான். "டிக்கெட் எடுக்காம வந்துட்டாரு பெரியவரு."

அன்றிலிருந்து அதற்குப் பெரியவர் என்றே பெயர்.

மறுநாள் காலை கேட்டுக்குப் பக்கத்தில் டின்னைத் திறந்து வைத்தான். மதிலில் பூனை உட்கார்ந்திருந்தது. கீழே சிமெண்டு லோங்கான் சாக்கடையில் சோப்பு நுரை ஓடியது. மரம் என்று ஒன்று இருந்தது பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம், கோயிலருகேதான்.

"அங்க கொண்டு போய் விட்டுட்டு வாங்களேன்," என்றாள் விமலா.

அவன் கேட்டைப் பார்த்தான். டின்னைப் பார்த்தான். மூடியைப் போட்டு மூடினான். "நாளைக்கிப் பாத்துக்கலாம்."

வேலைக்குப் போகிற வழியில் அவளே விட்டிருக்கலாம். அந்தக் கிடங்குக்காரிக்கு அதுகூடத் தெரியாதா? அவள் விடவில்லை. விபத்துக்குப் பிறகு நாளைக்கு என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததே அன்றுதான்.

நாளை நாளை என்று தள்ளிப்போன வேலைக்கு நடுவில் தவளைக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. செய்தி கேட்டு உடையப்பன் ஒரு பழைய மீன்தொட்டியைத் தோளில் சுமந்து வந்தான். பிச்சைமுத்து அதை நிமிர்த்தி, உயரவாட்டில் நிற்க வைத்தான்.

"என்னா மச்சான், தொட்டிய குத்துக்கல்லு மாதிரி நிப்பாட்டிட்ட?"

"இவரு தரையில ஒக்கார்ற ஆளு இல்லடா. ஏறுற ஆளு. மாடி வேணும்."

திறந்த வாய்ப் பக்கத்துக்குக் கொசுவலையை இழுத்து, சைக்கிள் டியூபைக் கீற்றாக நறுக்கிச் சுற்றிலும் இறுக்கிக் கட்டினான். முதலில் எல்லாம் தப்பும் தவறுமாகத்தான் நடந்தது. விமலா ஆசையாய்ப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் புல்லும் வெள்ளைக் கூழாங்கல்லும் வாங்கி வந்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பில் பளபளவென்று கழுவிப் பரப்பினாள். பெரியவர் கண்ணாடி மூலையில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. தீனியும் எடுக்கவில்லை. கைப்பேசியில் யார் யாரோ பேசுவதைப் பிச்சைமுத்து உட்கார்ந்து கேட்டான். கேட்டுவிட்டு எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டான்.

"தவளைக்கி வாயால குடிக்கத் தெரியாதாம் விமலா. தோலாலதான் தண்ணி குடிக்குதாம். சோப்பு பட்டாலும் குடிச்சிரும்."

"நான் என்னத்தக் கண்டேன்? வீடு பளிச்சுன்னு இருக்கணும்னு கழுவுனேன்."

பிறகு தேங்காய் மட்டைகளை ஊறவைத்து, நாராகப் பிரித்து, கொதிக்க வைத்து, ஆறவிட்டு அடியில் பரப்பினான். கொல்லைக் கொய்யாக் கிளையில் பூச்சி இருக்கும் என்று அதையும் வேகவைத்தான். அதற்கு அவன் எடுத்த பாத்திரம்தான் வினை.

"பொங்கப் பானையில தவளைக்கிக் கட்டை அவிக்கிறீங்களா! சாமி கண்ணக் குத்தும் லா!"

"சாமிக்கி வருசத்துல ஒருநாள்தானே பானை வேணும்?"

இரண்டு நாள் பேசவில்லை அவள். பேசாமலேதான் ஜன்னலில் இருந்த மணிபிளாண்டை ஒடித்து அவன் கையில் கொடுத்தாள். கிளையைச் சாய்த்து, அதன்மேல் கொடியைப் படரவிட்டு, ஆழமில்லாத ஒரு மண்தட்டில் தண்ணீர் வைத்தான். குழாய்த் தண்ணீரை நேரே ஊற்ற மாட்டான். அதில் கிருமி கொல்லும் மருந்து இருக்கிறதாம். ஒரு சிவப்பு வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, அந்தத் தண்ணீரைத்தான் தட்டில் வைப்பான், காலையும் மாலையும் தெளிப்பான். சிலிபின் பக்கத்துப் பறவைத் தீனிக் கடையில் விற்கும் உயிர்ச் சில்வண்டை விமலா வேலை முடிந்து வாங்கி வருவாள். ஒரு தடவை பை கிழிந்து, சாமி மேடைக்குக் கீழே போன சில்வண்டுகள் வாரம் முழுக்கக் கச்சேரி நடத்தின.

சில மாதம் கழித்து இன்னொன்றும் கீரைக் கூடையில் வந்தது. அது சின்னவர்.

விமலாவுக்குத் தவளை பிடிக்குமா என்றால் பிடிக்காது. இன்றைக்கும் தொட மாட்டாள். ஆனால் கதவைத் திறந்தால் இருட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷன், இப்போது விளக்கைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தான். "இன்னிக்கி பெரியவரு தோலுரிச்சி அதையே தின்னுட்டாரு, தெரியுமா?" என்று சொல்வதற்கு அவனிடம் ஏதோ ஒன்று இருந்தது. தாடியை மழித்தான். சில்வண்டுப் பையை வாங்க ஐந்தடித் தாழ்வாரத்துக்கு வந்தான், பிறகு கேட்டுவரை வந்தான். கேட்டுக்கு வெளியே மட்டும் கால் வைக்கவில்லை. அவள் அவசரப்படுத்தவும் இல்லை. என்றைக்காவது ஒருநாள் இந்த மனுஷன் இந்தக் கேட்டைத் தாண்டிவிட வேண்டும், அவளுக்கு இருந்த ஒரே வேண்டுதல் அதுதான்.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு ராக்காயி கிளம்பினாள். கஞ்சி சுமந்தாளே புனிதா, அவளுடைய மாமியார். புனிதா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

"அடியே விமலா, வயித்துப் புள்ளைக்காரி இருக்கற வீட்டுப் பக்கத்துல தேரைய வச்சிருக்கீங்களே, நல்லா இருக்கா? தேரை மூச்சு பட்டா புள்ள நரங்கிப் போயிரும்."

"அது தேரை இல்லக்கா, தவளை. மரத்துல இருக்கறது."

"தரையில இருந்தா என்னா, மரத்துல இருந்தா என்னா? கத்துற கத்து சொவத்தத் தாண்டி வருது. எம்பேரப்புள்ளைக்கி ஒண்ணுன்னா உன்னையத்தான் கேப்பேன்."

"கேளுங்க. ஒங்க வாய்க்கு எந்தத் தேரையும் கிட்ட வராது."

பதிலடி கொடுத்துவிட்டு உள்ளே வந்தாளே தவிர, விமலாவின் மனம் அரித்தது. தேரை விழுந்த பிள்ளை தேறாது என்று கேட்டு வளர்ந்தவள்தானே அவளும். பிறக்கப்போகும் குழந்தைக்குச் சாதாரணச் சளி பிடித்தாலும் பழி இந்தத் தொட்டிமேல்தான் விழும். தொட்டியை எடுக்கச் சொன்னால் அவன் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். இரண்டு பக்கத்துக்கும் நியாயமாக ஒரு வழி அவளுக்குத் தெரிந்தது. எல்லா வீட்டிலும் செய்வதுதான். வெள்ளிக்கிழமை பின்னேரம் பிச்சைமுத்து படுத்திருந்தபோது, மஞ்சள்தூளையும் ஒரு கை கல்லுப்பையும் தண்ணீரில் கரைத்தாள். வாசலுக்குத் தெளித்தாள், மூலைக்கு மூலை தெளித்தாள். வலையின் ஒரு ஓரத்தைத் தூக்கி, வேப்பிலையால் தொட்டிக்குள்ளும் மூன்று தடவை நன்றாக உதறினாள். தோஷம் கழிந்தது என்று மூச்சு விட்டாள்.

சற்று நேரத்தில் பெரியவர் கிளையிலிருந்து நழுவி நாரில் விழுந்தார். கால்களை இழுத்து இழுத்து உதைத்துக்கொண்டார். சின்னவர் தண்ணீர்த் தட்டுக்குள் போய்ப் படுத்தார். அந்தத் தட்டும் மஞ்சளாக இருந்தது.

"ஏங்க! ஏங்க, எந்திரிச்சி வாங்களேன்!"

வந்து பார்த்தவன் தட்டில் விரலை வைத்து நாக்கில் தொட்டான். "உப்பு போட்டியா?"

"தோசம் கழியட்டும்னு..."

அவன் திட்டவில்லை. ஒரு வார்த்தை ஏசவில்லை. அதை எழுதி ஒட்டலாம் புந்தோங் சுவரெல்லாம். "கழுவணும், ஒடனே கழுவணும். வாளித் தண்ணி எங்க?"

விமலா வாயைப் பொத்திக்கொண்டாள். மஞ்சள் கரைத்ததே அந்தச் சிவப்பு வாளியில்தான். வீட்டிலேயே நல்ல தண்ணீர் அதுதானே என்று, சாமி காரியத்துக்கு அதையே எடுத்திருந்தாள்.

குழாயைத் திறக்கப் போனவள் கையை அவன் தடுத்தான். "ஏற்கெனவே தோலு வெந்து கெடக்கு. மருந்துத் தண்ணிய வேற ஊத்தாத. மழத்தண்ணி வேணும்."

மழைத் தண்ணீர் இருந்தது கோயிலில் மழை பிடிக்க வைத்திருந்த டிரம்மில். பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

தவளைகள் பிழைத்துக்கொண்டன, அதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம். பெரியவர் இப்போதும் மழை வருவதற்கு முன்னால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறார். புனிதாவுக்கும் பெண் குழந்தை, கொழுகொழுவென்று. விமலா இன்றைக்கும் நன்றி சொல்வது அந்தத் தவளைகளுக்கு, அதற்கடுத்துத் தன்னுடைய மடத்தனத்துக்கு, அதற்கடுத்து, சொன்னால் சிரிப்பீர்கள், ராக்காயியின் வாய்க்கு. ஆஸ்பத்திரிக்கு வராததை அவள் ஒருநாளும் கணக்கில் வைக்கவில்லை. அங்கே பார்த்துக்கொள்ள நர்சுகள் இருந்தார்கள். இந்த இரண்டு உயிருக்கு இவனை விட்டால் யார் இருந்தார்கள்?

அந்த வெள்ளிக்கிழமைக்கே வருகிறேன். "நான் ஓடிப் போயி மொண்டுக்கிட்டு வாரேன்," என்று அவள் மஞ்சள் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். ஒரு செருப்பு கிடைத்தது. மற்றது மேசைக்கு அடியில் இருந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது வீட்டில் அவன் இல்லை, துவைக்கிற வாளியும் இல்லை. கேட்டு அகலத் திறந்து கிடந்தது.

வாசலுக்கு ஓடினாள். வெறுங்காலோடு, கம்பி வைத்த காலைச் சற்றே இழுத்து, அவன் தெருவின் நடுவில் போய்க்கொண்டிருந்தான். தன் வீட்டுக் கேட்டில் நின்ற ராக்காயி வாயைப் பிளந்தாள்.

"தம்பி! எங்கப்பா போற?"

"மழத்தண்ணிக்கிக்கா!" திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"ரோட்டுல லோரி வருது லா, பாத்து!"

ரோட்டோரத்தில் அவன் நின்றான். மணல் லோரி ஒன்று பிரேக்கைக் கிரீச்சிட்டுக்கொண்டு கடந்தது. அவன் தோள்கள் காதுவரை ஏறின. வாளியின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். விமலா கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பிவிடுவானோ என்று, கையிலிருந்த செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

லோரி போனது. புழுதி அடங்குவதற்குள் அவன் ரோட்டில் இறங்கினான்.

"அடியே விமலா, ஒம்புருசன் போறான்டி!"

"பாத்துக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்," என்றாள் விமலா.