சப்பாத்துக்கடை வாஹித் கோலாலம்பூர் பார்த்த கதை

பதுளைக் கடைவீதியில் சப்பாத்துக்கடை வாஹித்தைத் தெரியாதவர்கள் இல்லை. அவருடைய சந்தேகமும் அதே அளவுக்குப் பிரசித்தம். கம்பனி சீல் வைத்து அனுப்பிய பெட்டியையும் பிரித்து, வலதும் இடதும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தட்டில் அடுக்குவார். ஒரு டாக்டர் கொடுத்த மருந்தை இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் விழுங்குவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் பள்ளிக்கூட விடுமுறையில் மனைவி றஷீனாவையும் இரண்டு மகள்மாரையும் கூட்டிக்கொண்டு கோலாலம்பூர் போனார் என்றால், அதற்குக் காரணம் பிள்ளைகளின் ஆறு மாதப் பிடிவாதம்.

புறப்படுகிற அன்று மச்சான் முன்ஸிப் சும்மா இருக்க முடியாமல் ஒரு குரல் பதிவை அனுப்பினான். அந்த ஊரில் பிள்ளை பிடிக்கிறவர்கள் சாதாரண வேலைக்காரர் மாதிரி உடுத்திக்கொண்டு சுற்றுலாக்காரர் பின்னாலேயே வருவார்களாம். யார் சொன்னது, எப்போது நடந்தது, ஒன்றும் கிடையாது. எதையும் நம்பாத வாஹித் இதை மட்டும் அப்படியே நம்பினார்.

சனிக்கிழமை காலை இரட்டைக் கோபுரத்தடியில் இறங்கினார்கள். நாலு பாஸ்போர்ட்டும் அவருடைய இடுப்புப் பட்டிக்குள் இருந்தன. மூத்தவள் ஸஹ்ராவும் ஏழு வயது இஸ்ராவும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். வாஹித் மட்டும் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"இஸ்ராட வாப்பா, கோபுரம் மேலதான் ஈக்கு. ஆக்கள்ட மூஞ்சில இல்ல" என்றாள் றஷீனா.

"நீங்க கோபுரத்தப் பாருங்க. நான் ஒங்களப் பாத்துக்கொள்றன்."

அப்போதுதான் அவன் கண்ணில் பட்டான். பச்சைச் சட்டை போட்ட துப்புரவுக்காரன். ஈர்க்கு விளக்குமாற்றைப் பிடித்தபடி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வாஹித் முறைத்ததும் அவசரமாகக் கூட்ட ஆரம்பித்தான். ஐஸ்கிரீம் வாங்கப் போன இடத்திலும் அவன் நின்றான். இவர்கள் நடந்தால் அவனும் நடந்தான், இவர்கள் நின்றால் கூட்டினான். ஒரு சருகுகூட இல்லாத தரையில் என்னத்தைக் கூட்டுகிறான்? அதைவிட, அவன் பார்வை இஸ்ராவின் காலைவிட்டு நகரவேயில்லை. வாஹித் பிள்ளையின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

பக்கத்துப் பூங்காவில் பிள்ளைகள் இறங்கி விளையாட முழங்கால் ஆழத்தில் ஒரு தடாகம் இருந்தது. இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தார்கள். வாஹித் கரையோர வாங்குப் பலகையில் சாய்ந்து தூங்குகிற பாவனையில் அரைக்கண் திறந்திருந்தார். வருகிறவன் வரட்டும் என்றுதான்.

அவனும் வந்தான். இஸ்ராவின் செருப்பருகே குந்தி, கையில் இருந்த எதையோ அதன்மேல் வைத்தான்.

"புடிங்க! புள்ள புடிக்கிறவன்!" என்று வாஹித் பாய்ந்து அவன் கொலரைப் பிடித்தார். றஷீனா ஓடிப்போய்ப் பிள்ளைகளை வாரி அணைத்தாள். காவலாளி வந்துவிட்டான். வாஹித் தெரிந்த நாலு இங்கிலீஷ் சொல்லில் விஷயத்தைச் சொன்னார். காவலாளி பச்சைச் சட்டைக்காரனின் வேலை அட்டையைப் பறித்தெடுத்து, வாக்கிடாக்கியைக் கையில் எடுத்தான்.

"முதலாளி, வேணாம் முதலாளி! திருப்பி அனுப்பிருவாங்க" என்று அவன் தமிழில் கெஞ்சினான்.

"கையத் தொற!"

திறந்தான். உள்ளங்கையில் ஒடித்த ஈர்க்குத் துண்டு ஒன்று கிடந்தது.

வாஹித்துக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. தேயிலைத் தோட்டத்துத் தாய்மார் எல்லாப் பிள்ளைகளையும் டவுனுக்கு இழுத்துக்கொண்டு வர மாட்டார்கள். வராத பிள்ளையின் பாத நீளத்துக்கு ஈர்க்கை ஒடித்து முந்தானையில் முடிந்து கொண்டுவருவார்கள். முப்பது வருஷமாக அந்த ஈர்க்கைச் சப்பாத்துக்குள் விட்டுப் பார்த்து விற்றவர் அவர்.

"எந்தத் தோட்டம்?"

"நமுனுகுல பக்கம். பேரு ரஜீவ். எங்கம்மா ஒங்க கடையிலதான் எனக்கு சப்பாத்து வாங்குவாங்க. காலையிலேயே ஒங்கள அடையாளம் தெரிஞ்சிருச்சு. வேலை நேரத்துல பேசக்கூடாது, அதான் பயந்துக்கிட்டே பின்னால வந்தேன். ஊருக்குப் போற கூட்டாளிகிட்ட மகளுக்கு ஒரு சோடி குடுத்து விடணும். கேட்டா, 'ஒண்ணும் வேணாம், நீங்க வாங்க'ன்னு ஃபோன வச்சிருது. அளவு தெரியல. ஒங்க சின்னவ எம்மகளாட்டமே இருந்துச்சு, அதான் அளவெடுத்தேன்."

வாஹித்துக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு சோடிச் சப்பாத்துக்காக ஒரு தகப்பனின் பிழைப்பில் மண் அள்ளிப் போடப் பார்த்தோமே என்று வெட்கப்பட்டார். காவலாளியிடம் திரும்பி, தன்னுடைய பிழை என்றும், இவன் தன் ஊர்க்காரன் என்றும், செருப்பைப் பார்க்கத் தானே சொன்னதாகவும் கையாலும் வாயாலும் விளக்கினார். பாதி பொய்தான். காவலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அட்டையைத் திருப்பிக் கொடுத்துப் போனான்.

"மன்னிச்சிக்கொள்ளுங்க தம்பி. மகளுக்கு எத்தன வயசு?"

"பதினொண்ணு முதலாளி."

வாஹித் ஈர்க்கைப் பார்த்தார். "நீங்க இங்க வந்து?"

"ஏழு வருஷமாச்சு."

"இது என்ட சின்னவட அளவு. ஒங்கட மகள்ட கால் உள்ளுக்குப் போகாது."

"போகாதுங்களா? தெனம் வீடியோல பாக்குறேனே. சின்னப்புள்ளையாத்தானே இருக்கா."

"வீடியோல மொகந்தானே தெரியும்."

வாஹித் மூத்தவளைக் கூப்பிட்டார். ஸஹ்ரா ஈரக்காலோடு வந்து நின்றாள். அவளுக்கும் பதினொன்றுதான். ரஜீவ் முதலில் அவள் பாதத்தைப் பார்த்தான். பிறகு மெல்ல மெல்ல நிமிர்ந்தான். அவள் தலை அவன் தோளைத் தொட்டது.

"இவ்வளவு ஒசரமாவா முதலாளி இருப்பா?" என்றான்.