களுவாஞ்சிக்குடியில் பொது அறிவு படிப்பித்தேன்

பொது அறிவு படிப்பிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நினைக்கும். வேறெந்தப் பாடமும் ஒழுங்காகத் தெரியாததால்தான் அவன் பொது அறிவுக்கு வந்து சேர்ந்தான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்களும் என்றைக்காவது அரசாங்க உத்தியோகத்துக்கான எழுதுவினைஞர் பரீட்சைக்கென்று நைல் நதியின் நீளத்தை மனப்பாடம் செய்தவரென்றால் என் பாடு உங்களுக்குப் புரியும். அந்தப் பரீட்சையை மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கோட்டை விட்ட தகுதியில்தான் நான் வாத்தியாரானேன். யுத்த காலம். களுவாஞ்சிக்குடியில் மூடிக் கிடந்த ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையின் பின்னறையில் சனிக்கிழமை காலையில் வகுப்பு. முப்பது பேர் வரை வருவார்கள், எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். கடலுக்குப் போனால் சுடுகிறார்கள், வயலுக்குப் போனால் பிடிக்கிறார்கள், கந்தோர் உத்தியோகத்துக்குப் போனால் மின்விசிறிக்குக் கீழே இருக்கலாம் என்பது அவர்களுடைய கணக்கு. வாரா வாரம் நூறு கேள்வியை விடையோடு ஸ்டென்சிலில் தட்டி, ரோணியோ மெசினில் சுற்றி, ஆளுக்கொரு தாள் கொடுப்பேன். இலக்கியம், விஞ்ஞானம், சரித்திரம், தொழில்நுட்பம் என்று எல்லாவற்றிலும் கால் வைத்திருந்தேன். ஒன்றிலும் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

அமேசன் நதி

மகேஸ்வரி வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து வருவாள். விடிந்ததும் பாதையேறுவாள். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையை. அவளுடைய கணவர் வயல் செய்தவர். இரண்டு வருடத்துக்கு முன் உழவு மெசினுக்குச் சாமான் வாங்க இந்தப் பக்கம் வந்தவரைச் சந்தியில் வைத்து யாரோ ஏற்றிக்கொண்டு போனார்கள். யாரென்று ஒருவரும் சொல்லவில்லை. அவள் ஏறி இறங்காத முகாமும் இல்லை, கந்தோரும் இல்லை. இரண்டு பிள்ளைகள். வயதெல்லைப்படி அந்த வருடப் பரீட்சைதான் அவளுக்குக் கடைசி. அது கிடைக்காவிட்டால் ஆயுளுக்கும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் புல்லுப் பிடுங்க வேண்டியதுதான். என் முப்பது பேரில் கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டலாமென்றால் அவள் ஒருத்தி மேல்தான் கட்டுவேன்.

ஒரு வாரம் எனக்குப் புத்தி கெட்டுப்போய் அமேசன் நதியைக் கையால் கீறித் தாளில் சேர்த்தேன். கிளையாறுகள், கழிமுகம், கரையோரப் பட்டினங்களுக்குப் புள்ளிகள். வரைபடம் என்று எதைக் கண்டாலும் சோதனையில் நிற்கிற ஆமிக்காரர்களுக்குச் சந்தேகம் வருகிற காலம் அது என்று எனக்கு உறைக்கவில்லை. என் கைவண்ணத்தில் அமேசன் அச்சொட்டாக எங்கள் வாவியைப் போலவே வந்திருந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு காவலரண் மாதிரி. திரும்பிப் போகும்போது துறையடிச் சோதனையில் மகேஸ்வரியின் பையிலிருந்து அது அகப்பட்டது. இரண்டு மணித்தியாலம் வெயிலில் இருத்திவைத்து, படத்தைப் பறித்துக்கொண்டு ஆளை விட்டார்கள். அடுத்த சனிக்கிழமை நான் என்ன நடந்தது என்று கேட்டபோது சொன்னாள்:

“ஆறு கடல்ல விழுற இடத்தில விரலை வெச்சு இது எந்த ஊர் எண்டு கேட்டாங்க சேர், பிரேசில் எண்டு சொன்னன், அங்க உனக்கு ஆரு சொந்தக்காரன் எண்டு கேக்கிறாங்க.”

புல்லுக்குள் வியாழன்

அதோடு தாள் எதையும் பாதையில் கொண்டுபோகாதீர்கள் என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு மணித்தியாலம் அங்கேயே இருந்து நூறையும் பாடமாக்குவாள். வெறும் பையோடு சோதனையைக் கடப்பாள். வீட்டுக்குப் போன கையோடு பிள்ளைகளின் பழைய கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிவிடுவாள். நான் ஒருநாள் சோதித்துப் பார்த்தேன், ஐந்து வாரத் தாள் வரிசை பிசகாமல் வந்தது. அவளைப் பார்க்க எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கிழமை நாட்களில் வயல் வட்டைக்குள் கூலிக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லுவாளாம். மனித இதயத்துக்கு நாலு அறை. சூரியக் குடும்பத்தில் மிகப் பெரிய கிரகம் வியாழன். அது தன்னைத்தானே ஒரு தரம் சுற்றப் பத்து மணித்தியாலம்கூட ஆகாது. பக்கத்து வரம்பில் நின்ற பெண்கள் முதலில் சிரித்திருக்கிறார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி சொன்னதை மகேஸ்வரி வந்து எனக்குச் சொன்னாள்:

“நாங்களும் நாளைக்குப் பத்து மணித்தியாலம் குனிஞ்சு நிண்டு சுத்துறந்தான் புள்ள, எங்கட பேர் ஒரு தாளிலயும் வரல்லியே.”

சந்திரனுக்கு எவ்வளவு தூரம்

ஸ்டென்சில் தாள் முஸ்லிம் ஊரான காத்தான்குடியில், இஸ்மாயில் காக்காவின் கடையில்தான் கிடைக்கும். நடக்கக்கூடாததெல்லாம் தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு பக்கத்திலும் நடந்து முடிந்திருந்த நாட்கள். அவர்கள் இங்கே வரப் பயம், நாங்கள் அங்கே போகப் பயம். எட்டு மாதமாக ஒரு லொறிச் சாரதியிடம் சொல்லித்தான் எடுப்பித்தேன். பிறகு லொறியும் நின்றுபோக, வேறு வழியில்லாமல் ஒருநாள் நானே போனேன். கடை வாசலில் சைக்கிளை, திரும்பி ஓட வசதியாக ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினேன். என்னைக் கண்டதும் காக்காவின் முகம் ஒரு நிமிடம் மாறியது. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்டீக்கு ஆளனுப்பினார்.

பழைய தாளொன்றைக் கேட்டு வாங்கி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். சோதனைக்குப் பயந்து வெடிமருந்து, டைனமைட்டு, வானொலி அலை பற்றிய கேள்விகளையெல்லாம் அப்போது நான் தூக்கியெறிந்திருந்தேன். விஞ்ஞானத்தில் பூக்களும் மனித உடம்பும் கிரகங்களும் மட்டும்தான் மிச்சம். கிரகங்களில் வந்து அவருடைய விரல் நின்றது. பிளேன்டீ வந்தது. அதை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்:

“சந்திரனுக்கு மூணு லட்சத்து எண்பத்தி நாலாயிரம் கிலோமீட்டர் எண்டு சரியா எழுதி இரிக்கிங்க தம்பி, களுவாஞ்சிக்குடியில இரிந்து என்ட கடைக்கு வாறத்துக்கு உங்களுக்கு எட்டு மாசம் எடுத்திரிக்கே.”

இல்லாத நாடு

பற்றரி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்ததால் றேடியோ ஊமை. பத்திரிகை வந்தால் வந்தது. இந்த இலட்சணத்தில் உலகின் மிகப் பெரிய நாடு சோவியத் யூனியன் என்று நான் அடித்துப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பெரியகல்லாற்றிலிருந்து வருகிற நல்லதம்பி, வாவியில் வலை போடுகிறவர், ஒருநாள் மெல்ல எழும்பி, அந்த நாடு கலைந்து மூன்று மாதமாம், கட்டாரிலிருந்து தம்பி எழுதியிருக்கிறான் என்றார். தம்பிக்கு வேறு வேலையில்லையா என்று கேட்டு இருக்கச் சொன்னேன். அடுத்த கிழமை சர்க்கரை சுற்றி வந்த பத்திரிகைத் துண்டில் அதே செய்தியைப் பார்த்தேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எல்லாத் தாளிலும் பழைய பெயரை வெட்டி ரஷ்யா என்று எழுதச் சொன்னேன்.

பரீட்சையில் பழைய விடையை எதிர்பார்ப்பார்களா, புதிய விடையையா என்று எனக்கு நெஞ்சிடி. எனக்குப் பிறகு அதே அறையில் கணக்குப் படிப்பிக்கிற பூபாலபிள்ளை மாஸ்டரிடம் சொல்லி ஆற்றாமைப்பட்டேன். அவர் சோக்குக் கட்டியைத் தேடிக்கொண்டே, என்னைத் திரும்பியும் பார்க்காமல் சொன்னார்:

“ரெண்டு விடையையும் பாடமாக்கச் சொல்லுங்க மாஸ்டர், கேக்கிற ஆளைப் பாத்து விடை சொல்லி எங்கட சனத்துக்குப் பழக்கம்தானே.”

எலும்பு எத்தனை

ஒரு சனிக்கிழமை ஆமிக்காரர்கள் சந்தையோடு எங்கள் வகுப்பையும் சேர்த்துச் சுற்றிவளைத்தார்கள். பெண்களை அறையிலேயே விட்டுவிட்டு ஆண்களை மைதானத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் வரிசையாக இருத்தினார்கள். என் முறை வந்ததும், கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி, என்ன வேலை என்றார். பொது அறிவு படிப்பிக்கிறேன் என்றேன். அவருக்கு அது வேடிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். “மனுசன் உடம்பில எலும்பு எத்தனை?” என்று கேட்டார். இருநூற்றாறு என்பது என் தாளில் பதினொன்றோ பன்னிரண்டோ தரம் வந்திருக்கும். அந்த நேரம் பார்த்து மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. “முப்பத்திரண்டு” என்றேன். அது பல்லின் கணக்கு. அவர் வாய்விட்டுச் சிரித்தார். மற்றவர்களுக்கும் சிங்களத்தில் சொல்லிச் சிரிப்புக் காட்டினார். போ என்று கையைக் காட்டினார்.

அன்று மறுபக்க வரிசையில் இருத்தப்பட்ட இரண்டு பேர் வீட்டுக்குத் திரும்பவில்லை. சந்தைக்கு வந்தவர்கள். அவர்களிடம் யாரும் எலும்பைப் பற்றிக் கேட்கவில்லை. தப்பி வந்த சந்தோசத்தைவிட அந்தச் சிரிப்புச் சத்தம்தான் கன நாளாய் எனக்குள் கிடந்து அரித்தது. திரும்பி வரும் வழியில் முப்பத்திரண்டு என்று சொன்னதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு நடந்தேன். என்னோடு கூட வந்த நல்லதம்பி ஆறுதல் சொன்னார்:

“சரியான கணக்கைச் சொல்லியிருந்தா, எந்தப் பிரேதத்தில எண்ணினாய் எண்டு அடுத்த கேள்வி வந்திரிக்கும் சேர்.”

விவாக நிலை

கடைசியில் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரினார்கள். படிவங்களை நானே வாங்கிவந்து வகுப்பில் வைத்து எல்லாருக்கும் நிரப்பிக் கொடுத்தேன். மகேஸ்வரியின் படிவம் விவாக நிலை என்ற இடத்தில் வந்து நின்றது. விவாகமானவர், விவாகமாகாதவர், விதவை. பொருத்தமானதன் கீழ்க் கோடிடுக. விவாகமானவர் என்றால் கணவரின் தற்போதைய தொழிலும் முகவரியும் எழுத வேண்டும். விதவை என்றால் மரண அத்தாட்சிப் பத்திரம் இணைக்க வேண்டும். காணாமல் போனவர்களுக்கும் கிராம சேவகரின் கடிதத்தோடு அந்தப் பத்திரத்தை எடுத்தவர்கள் ஊரில் பலர் இருந்தார்கள். முடிவுத் திகதிக்குப் பத்து நாள்தான் இருந்தது. நான் அவசரக்காரன். “விதவை எண்டு போடுங்க தங்கச்சி, இது சும்மா ஒரு கடுதாசிதானே” என்று சொல்லி, அந்தச் சொல்லின் கீழே பென்சிலால் ஒரு கோடும் இழுத்துவிட்டேன். அவளுடைய நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கையைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் கோபப்படவில்லை. “நாளைக்கு அவர் வந்து இதைப் பாத்தா நான் என்ன சொல்ற சேர்?” என்று கேட்டாள். படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு பாதைக்குப் போய்விட்டாள்.

அவள் அதைத் தபாலில் அனுப்பினாள். ஒரு மாதத்தில் அது திரும்பி வந்தது. கொண்டுவந்து காட்டினாள். என் பென்சில் கோட்டை அழித்திருந்தாள். மூன்று சொல்லில் ஒன்றின் கீழும் கோடில்லை. பக்கத்தில், “கணவர் எங்கே என்று தெரியாது” என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தாள். மேலே சிவப்பு மையில், பூரணமற்ற விண்ணப்பம், நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. முடிவுத் திகதியும் போய்விட்டது, வயதெல்லையும் போய்விட்டது. அந்தப் பரீட்சையில் நல்லதம்பியோடு சேர்த்து எங்கள் வகுப்பில் மூன்று பேர் சித்தியடைந்தார்கள். நல்லதம்பி வலையை மச்சானுக்குக் கொடுத்துவிட்டு, கந்தோருக்குப் போட்டுப்போகச் சப்பாத்து வாங்கப் போனார். எனக்குச் சந்தோசப்படவும் முடியவில்லை.

புது வகுப்புத் தொடங்கிய சனிக்கிழமை, புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு நடுவில் அவள் தன் பழைய இடத்தில் இருந்தாள். எனக்குத் திகைப்பு. இனிமேல் எந்தப் பரீட்சையும் எழுத முடியாதே, பிறகேன் அந்த வெயிலையும் சோதனையையும் தாண்டி வருகிறீர்கள் என்று கேட்டேன். மற்றவர்களுக்குக் கொடுத்ததுபோலத் தனக்கும் ஒரு தாள் தரச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு சொன்னாள்:

“வீட்டில இருந்தா ஒரே ஒரு கேள்விதான் சேர்; இஞ்ச நூறு கேள்வி இரிக்கு, நூறுக்கும் விடையும் இரிக்கு.”

ஆறு வருடத்தில் நான் ரோணியோவில் சுற்றிக் கொடுத்த சரியான விடைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒருத்திக்கு உண்மையாகவே தேவைப்பட்ட ஒன்றை மட்டும் கடைசிவரை என்னால் அச்சடிக்க முடியவில்லை.