பல்லோடவா, பல்லு இல்லாமலா?

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போயிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். வேலை கிடைத்த ஊரெல்லாம் என் ஊர்.

அன்று மூன்றாம் வகுப்பில் சித்திரப் பாடம். இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை மற்றவர் வரைய வேண்டும். கண்ணாடி போட்ட ஒரு சிறுமிக்கு மட்டும் ஜோடி வரவில்லை. டீச்சர் வெளியே எட்டிப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் வந்து இவ பக்கத்துல உட்காருங்களேன்" என்றார்.

சின்னக் கதிரையில் உட்கார்ந்து சிரித்தேன். கொழும்பில் பெயின்ட் அடிக்கக் கட்டிய சாரத்திலிருந்து விழுந்ததில் என் முன்பற்கள் போயிருந்தன.

"ஐயோ, பொக்கைவாய் மாமா!" என்று ஒருவன் கத்த, வகுப்பே சிரித்தது. வாயை மூடிக்கொண்டேன். எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

சிறுமி பென்சிலோடு என்னைப் பார்த்தாள். "மாமா, பல்லோட வரையவா, பல்லு இல்லாமலா?"

"ஏம்மா கேக்குற?"

"வரையிறதுக்கு முன்னாடி கேக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. ஒங்க மொகம்தானே?"

என் முகத்தைப் பற்றிப் பலர் பலதும் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"இருக்கிற மாதிரியே வரைம்மா" என்றேன். அவள் வரைந்த முகம் பல்லில்லாமல், வாய் நிறையச் சிரித்தது.

என் முறை வந்தபோது நானும் கேட்டேன். "கண்ணாடியோடவா, இல்லாமலா?"

அவள் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். திரும்பப் போட்டுக்கொண்டாள். "போட்டே வரைங்க. இது இல்லாட்டி ஒங்களத் தெரியாதே."

பெரியவர்கள் முன்னால் இன்னமும் என் கை வாயை மூடப் போகிறது. பிள்ளைகளைக் கண்டால் மட்டும் திறந்தே சிரிக்கிறேன்.