பேண்டேஜ் கிடங்கில் கூவிய சேவல்

நேரலையிலும் தப்பை வெட்டிவிட்டுத்தான் காட்டுவார்கள் என்று நம்பி, மிமிக்ரி செய்ய மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறேன். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கிடங்காக இருந்து கேபிள் டிவி ஸ்டுடியோவான கூடம் இது. எதிரொலியை அடக்க இன்றும் சுவரோரம் துணிக்கட்டுகள்தான். தொடங்கிய நாள்முதல் இங்கே ஒரே சட்டம்: பாட்டோ மிமிக்ரியோ, முதல் உருப்படி முடிவதற்குள் நேயர் யாராவது போன் செய்யாவிட்டால் மேடையிலிருந்து இறங்கிவிட வேண்டும்.

என் குரலில் கூவும் சேவல் பாதிக் கூவலில் இருமிவிடுகிறது.

"கட் பண்ணுங்க, முதல்லேருந்து கூவுறேன்!"

"எதை வெட்ட, அண்ணாச்சி? இது லைவு," என்கிறார் தொகுப்பாளர் செல்வி.

"அப்ப இருமலும் போயிருச்சா?"

"சுந்தரபாண்டியம் வரைக்கும் போயிருச்சு."

மேடையிலிருந்து இறங்க ஒரு காலை எடுத்து வைக்கிறேன். போன் அடிக்கிறது. ஸ்பீக்கரில் சுந்தரபாண்டியத்து அம்மா ஒருவர்: "அவியள இறக்கிராதீங்க. அந்தச் சேவலை இன்னொருக்க இருமச் சொல்லுங்க, பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்குது."

நிகழ்ச்சி முடியும்வரை இருமுகிறேன். போன் ஓயவில்லை.