குற்றாலத்தில் குளித்த டிவி

எங்கள் வீட்டு டிவிக்கு அப்பா தினமும் காய்ச்சல் பார்ப்பார். ஆபீஸ் விட்டு வந்ததும் சைக்கிளை நிறுத்துவார், செருப்பைக் கழற்றுவார், நேராகப் போய் டிவியின் தலையில் புறங்கையை வைப்பார். சூடு தெரிந்தால் அன்று எனக்குரிய அரை மணி நேரம் ரத்து. அம்மாவிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அம்மா எப்போதும் அரசுத் தரப்பில்தான் நிற்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில், எனக்குப் பத்து வயது. டிவி கறுப்பு வெள்ளை. இழுத்து மூட மரக்கதவு உண்டு. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் என்பது சட்டம். அப்பா அலாரம் வைப்பார். மணி அடித்தால், கதாநாயகி கிணற்று விளிம்பில் நின்றுகொண்டிருந்தாலும் கதவு மூடப்படும். பிறகு அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மிச்சத்த நீ சொல்லுலே" என்பார்.

அந்த நேரத்தில் வரும் தொடரோ இந்தி. எங்கள் தெருவிலேயே இந்தி தெரிந்தவர் எவரும் இல்லை. பார்த்ததே புரியாதவன் பார்க்காததை எங்கே போய்ச் சொல்வது? எதையாவது உளறிவிட்டுத் தப்பிப்பேன். அதை டிவி பார்த்ததற்கான தண்டனை என்றே எண்ணியிருந்தேன்.

காலாண்டு விடுமுறையில் ஒரு நாள் அம்மா ஒரு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்காக அம்பாசமுத்திரம் போனாள். அப்பா ஆபீஸில். வீட்டில் நானும் தங்கச்சியும் டிவியும். பதினொரு மணிக்குக் கதவைத் திறந்தவன் ஐந்து மணிவரை மூடவில்லை. எதைப் பார்த்தேன் என்று கேட்டால் வெட்கம்தான். வாழைக்கு உரம் வைக்கும் முறையைப் பார்த்தேன். யாரோ ஒருவர் கரும்பலகையில் ஆங்கிலத்தில் கணக்குப் போடுவதைப் பார்த்தேன். ஒன்றுமே வராமல் வெறும் கோடுகள் நின்றபோது அவற்றையும் விசுவாசமாகப் பார்த்தேன். கண் எரிந்தது, தலை வலித்தது. ஆனாலும் எழுந்திருக்க மனமில்லை.

"எண்ணே, மணி அஞ்சாவுது. அப்பா வந்துருவாவ" என்றாள் தங்கச்சி.

டிவியைத் தொட்டேன். தோசைக்கல். போன மாதம்தான் அப்பா எச்சரித்திருந்தார்: "இன்னொரு மட்டம் இது சுட்டுச்சின்னா, எங்கன வாங்குனமோ அங்கனயே கொண்டு குடுத்துருவேன்." ஓடிப்போய்த் துண்டைத் தண்ணீரில் முக்கி, பிழிந்தும் பிழியாமலும் டிவியின் தலையில் போட்டேன். தாமிரபரணித் தண்ணீர் குளிர்ச்சிக்குப் பெயர்போனது. அது தன் பெயரைக் காப்பாற்றிவிட்டது, என்னைக் காப்பாற்றவில்லை.

அப்பா வந்தார். புறங்கையை வைத்தார். கை அங்கேயே நின்றது. பிறகு சுவரைத் தொட்டார், பீரோவைத் தொட்டார், மறுபடி டிவியைத் தொட்டார்.

"வீடு பூராவும் கொதிக்கி. சொவரு கொதிக்கி, பீரோ கொதிக்கி. இது மட்டும் என்னலே, குத்தாலத்துல குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு?"

ஈரத் துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அப்பா கத்தவில்லை. "போயி ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வா" என்றார். வாங்கி வந்து கொடுத்தேன். "சரி, ஒன் அரை மணி நேரத்தப் பாரு" என்றார். என் காதையே நம்ப முடியவில்லை. குமிழைத் திருகினேன். சத்தம் வந்தது. படம் வரவில்லை. திரை அமாவாசையாகக் கிடந்தது.

தங்கச்சி என் காதருகே வந்தாள். "எண்ணே, சிலேட்ட ஈரத்துணியால தொடச்ச மாதிரி தொடச்சிட்டே. படம் பூராவும் அழிஞ்சிட்டு."

சிரிக்காதீர்கள். நான் அதை முழுசாக நம்பினேன். புறவாசலுக்குப் போய் குலசேகரன்பட்டினத்து அம்மனிடம் பேச ஆரம்பித்தேன். முதலில் ஒரு தேங்காய் என்றேன். வந்து பார்த்தால் திரை இருட்டு. சரி, வேண்டிக்கொண்டவர்கள் எல்லாரையும் போலத் தசராவுக்கு வேஷம் கட்டி உன் கோயிலுக்கு வருகிறேன் என்றேன், ராஜா வேஷம். அதிலும் படம் வரவில்லை. ராஜா வேஷம் போட எனக்கே ஆசை என்பது அம்மனுக்குத் தெரியாதா என்ன? கண்ணை மூடிக்கொண்டு குரங்கு வேஷத்துக்கு இறங்கினேன்.

"மெக்கானிக்கு ஊருல இல்ல, வர பத்து நாளாவும்" என்றார் அப்பா. "அதுவரைக்கும் சத்தம் வருதுல்லா? நீ என்ன நடக்குன்னு சொல்லு."

அந்தப் பத்து நாளும் இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்து, புரியாத இந்திக்கு நான் படம் போட்டேன். கரகரத்த குரல்காரனுக்குக் கொடுவாள் மீசை வைத்தேன். அழுகிற குரலைக் கொக்கிரகுளம் பாலத்தில் நிறுத்தினேன். குதிரைக் குளம்பொலி கேட்டால் குதிரை ஆற்றைத் தாண்டும். முதல் நாள் திக்கினேன். நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். ஆறாம் நாள் அலாரம் அடித்து டிவியை அணைத்த பிறகும் நான் நிறுத்தவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து, "ஏலே, அந்தப் புள்ளய அவன் கெட்டுனானா இல்லியா? சொல்லிட்டுப் போயி வெளையாடு" என்று குரல் கொடுத்தாள்.

பதினோராம் நாள் மெக்கானிக் வந்தார். டிவியின் பின்னால் ஒரு குட்டிக் குமிழ் வரிசை உண்டு. நாங்கள் கை வைக்கக் கூடாத இடம். அங்கே கையை விட்டு எதையோ ஒரு திருகு திருகினார். படம் பளிச்சென்று வந்தது.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, வெளிச்சத்தச் சுத்தமா கொறச்சி வச்சிருக்கிய."

"அப்படியா?" என்றார் அப்பா.

எனக்கு அந்தப் பேச்செல்லாம் காதில் ஏறவில்லை. அம்மன் இறங்கி வந்துவிட்டாள் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைய தொடரில் கரகரத்த குரலுக்குச் சொந்தக்காரர் மீசையே இல்லாத ஒரு டாக்டர் என்று தெரிந்தது. "நீ சொன்னதே நல்லாருந்துது" என்று அம்மா எழுந்து போய்விட்டாள்.

குரங்கு வேஷம் கட்ட வேண்டியிருக்கிறேன் என்று மட்டும் வீட்டில் சொன்னேன். வேண்டுதல் என்றால் விரதம். தசரா முடியும்வரை வீட்டில் மீன் கூடாது என்று அம்மா அறிவித்தாள். அப்பா உவரிக் கடற்கரையிலிருந்து வரும் மீனை வாரத்துக்கு மூன்று நாள் சாப்பிடுகிறவர். "என்ன வேண்டுதல்லே?" என்று அம்மா குடைந்தபோது, "வெளிய சொன்னா பலிக்காதும்மா" என்றேன். "சொல்லாண்டாம், விடு" என்று அப்பா அவசரமாக இடையில் புகுந்து, சாம்பாரைத் தலைகுனிந்து சாப்பிட்டார்.

போன மாதம் என் மகள் கைபேசியைக் கீழே வைக்கவே மாட்டேன் என்றதால், வீட்டு இணையப் பெட்டியின் வயரைப் பின்பக்கமாகப் பைய உருவிவிட்டேன். "நெட்டுக்கு என்னாச்சுப்பா?" என்று அவள் வந்து நின்றாள். "அப்படியா?" என்றேன். சொன்ன மாத்திரத்தில் அது யாருடைய குரல் என்று தெரிந்தது. தீப்பெட்டியும் ஞாபகம் வந்தது. அப்பா என்னைக் கடைக்கு அனுப்பிய அன்று எங்கள் வீட்டு அடுப்பு மேடையில் ஏற்கெனவே ஒரு முழுத் தீப்பெட்டி இருந்தது.

ஆனால் அந்தத் தசராவில் எனக்கு ஒன்றும் தெரியாது. முகத்தில் சிவப்புச் சாயம், பின்னால் வைக்கோல் திணித்த நீள வால். குலசேகரன்பட்டினத்தில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். யாரும் மிதித்துவிடாமல் என் வாலின் நுனியைக் கையில் ஏந்திக்கொண்டு, கோயில் வரைக்கும் அப்பா எனக்குப் பின்னாலேயே நடந்து வந்தார். எதற்காக வேண்டிக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.