மூன்றாவது வரிசை

விமலாராணிக்கு முட்டி நன்றாக இருந்தது. அதுவே அவளுக்கு வினையாகப் போயிற்று.

அந்தக் குடும்பத்தில் மற்ற எல்லோருக்கும் ஏதாவது ஒரு காரணம் இருந்தது. பெரியவர் காஸ்பர் வண்டி ஓட்டுவார். அவருடைய தம்பி ஸ்டான்லி, அதாவது விமலாவின் கணவன், முன்னால் உட்கார்ந்து வழி சொல்வான்; எல்லோருக்கும் தெரிந்த வழியாக இருந்தாலும் சொல்வான். காஸ்பரின் மனைவி ரெஜினாவுக்கு மூட்டுவலி, காலை மடக்க ஆகாது. அவர்கள் மகள் அருள்ஜோதி பின்னால் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பாள். விமலாவின் மகள் செல்சியா அந்த அக்காளை விட்டு ஒரு சாண் நகர மாட்டாள். கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது விமலாவும் பைகளும்.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விருத்தாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் இதுதான் ஏற்பாடு. கல்யாணம், சாவு, வேளாங்கண்ணி என்று எதற்கு வாடகை வண்டி பிடித்தாலும் கடைசி வரிசை அவளுடையது. யாரும் அவளை அங்கே போ என்று சொன்னதில்லை. நடு சீட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு, "ஏறும்மா" என்பார்கள். முதலில் ஏறுகிறவளும் அவள்தான், கடைசியில் இறங்குகிறவளும் அவள்தான். நடுவில் இறங்க வேண்டுமென்றால் மூன்று பேர் இறங்கி, சீட்டை மடித்து, வழி விட வேண்டும். ரெஜினா "அம்மாடி" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்க்க வேண்டும். அதனால் பயணம் போகிற நாளில் விமலா காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். அது பழகிவிட்டது. உடம்பு எதற்குத்தான் பழகாது?

இப்படி இருக்கும்போதுதான் சொந்தமாக ஒரு ஏழு சீட்டு வண்டி வாங்குவது என்று அண்ணன் தம்பி முடிவு செய்தார்கள்.

"புதுசு வேணாம். நல்லா இருக்கிற பழசா பாப்போம். செல்சியா கல்யாணம் வரைக்கும் அதுதான் நம்ம வண்டி," என்றார் காஸ்பர்.

செல்சியாவுக்கு அப்போது எட்டு வயது. விமலா மனதுக்குள் கணக்குப் போட்டாள். வாடகை வண்டி பொழுது சாய்ந்தால் போய்விடும். அடுத்த தடவை வேறு வண்டி வரும், கொஞ்சம் நல்லதாகக்கூட வரும். சொந்த வண்டி அப்படியில்லை. இவர்கள் எந்த வண்டியை எடுக்கிறார்களோ, அதன் கடைசி சீட்டில்தான் அவள் நரைக்க வேண்டும்.

கடலூர் ரோட்டில் மாயவன் என்பவர் பழைய வண்டிகள் விற்கும் இடத்துக்குக் குடும்பமே போனது. இரண்டு வண்டிகள் அவர்கள் கைக்கு எட்டுவதாக இருந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். ஆண்கள் எஞ்சினைத் திறந்து பார்த்தார்கள், டயரை உதைத்தார்கள், ஆளுக்கொரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் விமலா சத்தமில்லாமல் இரண்டு வண்டியின் பின்பக்கமும் ஏறி உட்கார்ந்து பார்த்தாள்.

சாம்பல் வண்டியில் தரை மேடாக இருந்தது. உட்கார்ந்தால் முட்டி நெஞ்சுக்கு வந்தது. ஏசி காற்று நடுவரிசையோடு நின்றுவிட்டது. பக்கவாட்டுக் கண்ணாடி திறக்காது. நடுவில் மூன்று பேர் உட்காரும் ஒரே நீள சீட்டு; அதை மடக்கும் பிடி வெளிப்பக்கம் இருந்தது. வெள்ளை வண்டியில் நடுவரிசை இரண்டு தனித்தனி சீட்டுகள். இரண்டுக்கும் இடையில் ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்து. விமலா அதில் நுழைந்தாள், கதவைத் திறந்தாள், இறங்கினாள். யாரையும் கேட்கவில்லை. மறுபடியும் ஏறி, மறுபடியும் இறங்கினாள். நடுவில் இரண்டு பேர்தான் என்றால் பிள்ளைகளில் ஒருத்தி தன்னோடு பின்னால் வரவேண்டும் என்பதும் தோன்றியது. கெஞ்சிக் கூப்பிட்டால் செல்சியா வருவாள், தலைக்கு மேலே ஏசி துவாரம்கூட இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

காஸ்பர் அதற்குள் தன் சோதனையைத் தொடங்கியிருந்தார்.

அண்ணன் தம்பி இருவரும் பீங்கான் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை வைத்திருந்தார்கள். கரண்ட் பெட்டியில் மாட்டுகிற ஃப்யூஸ் கட்டைகள் அங்கே வேகும். சூளையிலிருந்து வந்ததும் ஒன்றோடு ஒன்றைத் தட்டிப் பார்த்துப் பிரிப்பார்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், தூக்கிப் போட வேண்டியதுதான். முப்பது வருஷம் இதைக் கேட்டு வளர்ந்த காது காஸ்பருடையது. தேங்காய், பானை, கல்யாணச் சீர் அண்டா எல்லாவற்றையும் தட்டித்தான் வாங்குவார். வண்டியையும் தட்டினார். மோதிர விரலை மடக்கி, கதவு, கூரை, பின்கதவு என்று சுற்றி வந்தார்.

வெள்ளை வண்டி சொத்தென்றது. சாம்பல் வண்டி கணீரென்று பாடியது.

"வெள்ளையில ஏதோ இருக்குது. எங்கியோ அடி வாங்கி ஒட்டியிருக்கான்," என்றார்.

"அதெல்லாம் இல்லீங்க," என்றார் மாயவன். "அது கனத்த தகடு. சத்தம் உள்ள வராம இருக்க அட்ட வெச்சி ஒட்டியிருப்பாங்க. கம்பெனியிலேர்ந்தே அப்படித்தான்."

"சொத்தைய மறைக்கிறவன் எல்லாரும் இப்படி ஒரு கதை வெச்சிருப்பான் மாயவன். எங்க கிட்டயே வந்து சத்தத்தப் பத்தி சொல்றீங்களே."

ஸ்டான்லி தலையாட்டினான். மாயவனுக்கு இரண்டில் எது போனாலும் சரிதான்.

விமலா பட்டறையில் பெண்களோடு உட்கார்ந்து கட்டை தட்டிப் பிரிப்பவள். அவளுக்கும் அந்தச் சத்தம் தெரியும். ஆனால் இப்போது பேசாவிட்டால் எப்போதும் பேச முடியாது என்று அவளுக்குப் பட்டது.

"மாமா, வெள்ள வண்டியே எடுக்கலாங்க," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். விமலா இப்படி வாய் திறப்பது வழக்கமில்லை.

"ஏம்மா?"

"பீங்கான் வேற, தகரம் வேற இல்லீங்களா."

ரெஜினா சிரித்தாள். "கேட்டுக்குங்க. கட்ட தட்டுற பொண்ணு வண்டிக்குத் தீர்ப்பு சொல்லுது."

"இல்லக்கா. அதுல நடுவுல வழி இருக்குது. நானே இறங்கிக்கலாம்."

"நீ எங்கடி இறங்கப் போற? வூட்ல ஏறுனா கோயில்ல எறங்கப் போறோம்," என்றாள் ரெஜினா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. "அதுவுமில்லாம நடுவுல ரெண்டே சீட்டு. செல்சியா அருள விட்டு வராது, அருளு பின்னாடி ஒக்காந்தா வாந்தி எடுக்குமே."

விமலா கணவனைப் பார்த்தாள். ஸ்டான்லி வெள்ளை வண்டியின் டயரைப் பார்த்தான். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான்.

சாம்பல் வண்டி வீட்டுக்கு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை மந்திரிக்கக் கோணாங்குப்பம் மாதா கோயிலுக்குக் கிளம்பினார்கள். கணீரென்று பாடிய தகடு ரோட்டில் ஏறியதும் நிறுத்தாமல் பாடியது. ஒவ்வொரு சிறு கல்லும் வண்டிக்கு அடியில் தெறித்துப் பின்னால் இருந்தவளின் காதில் விழுந்தது. பின்கதவு கடகடவென்று ஆடியது. முன்னால் பாட்டு போட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கோயில் வாசலில் ஃபாதர் காத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவசரமாக இறங்கினார்கள். கதவு சாத்தப்பட்டது. விமலா பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். சீட்டை மடக்க யாராவது வருவார்கள் என்று பார்த்தாள்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று ஃபாதர் கேட்பது லேசாகக் கேட்டது.

"வந்தாச்சி ஃபாதர்," என்றாள் ரெஜினா.

ஜெபம் நடந்தது. தீர்த்தம் தெளித்தபடி ஃபாதர் வண்டியைச் சுற்றி வந்தார். பின்கண்ணாடியில் நீர்த்துளிகள் விழுந்து வழிந்தன. உள்ளே இருந்தவளை அவர் பார்த்த மாதிரி தெரியவில்லை. வெளியே வெயில், கண்ணாடி கறுப்பு. விமலா சிலுவை போட்டுக்கொண்டாள்.

மெழுகுவத்திப் பொட்டலம் எடுக்க ஸ்டான்லி வந்தபோதுதான் அவளைப் பார்த்தான். "ஏய், நீ எறங்கலியா?" என்றான்.

அவள் இறங்கினாள். ஆனால் கிளம்புகிற நேரத்தில் ஏறவில்லை.

"தலைய சுத்துதுங்க. நான் பின்னாடி ஏறல," என்றாள் கணவனிடம், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஸ்டான்லி அண்ணனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கோயில் வாசலில் பேச்சு வளர்க்க அவனுக்கு விருப்பமில்லை. "சரி, நான் ஏறிக்கிறேன்," என்றான். பெரியவர் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி உட்கார்வது வழக்கமில்லை என்பதால் அருள்ஜோதி முன்னால் போனாள். விமலா நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கினாள். இத்தனை வருஷத்தில் வயல்காற்று முகத்தில் அடிக்க அந்த ரோட்டில் அவள் போனதில்லை.

மங்கலம்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கிக் கடைக்குப் போனார்கள். விமலா டீ கிளாஸோடு திரும்பியபோது வண்டியின் பின்கண்ணாடிக்கு உள்ளே, அதோடு ஒட்டியபடி, ஸ்டான்லியின் முகம் மங்கலாகத் தெரிந்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கையால் கண்ணாடியைத் தள்ளிப் பார்த்தான். தான் உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து பார்க்க இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போய்ப் பிடியை இழுத்துச் சீட்டை மடக்கினாள்.

சட்டை முதுகோடு ஒட்டியிருக்க அவன் குனிந்தபடி இறங்கினான்.

"காத்தே வர்ல பின்னாடி."

"ஆமாங்க."

"முட்டி வெச்சிக்க எடமில்ல. ஒரே தகர சத்தம், மண்டைய இடிக்குது."

"ஆமாங்க."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ கேட்க வந்தவன் போல இருந்தது. அதற்குள் கடைப்பக்கமிருந்து காஸ்பர் கூப்பிட்டார்.

"எப்பட்றா இருக்குது பின்னாடி? ரெண்டு பேரு தாராளமா ஒக்காரலாம்ல?"

ஸ்டான்லி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான்.

"நல்லா இருக்குதுண்ணே," என்றான்.

காஸ்பர் வந்து தன் சீட்டில் ஏறி வண்டியை ஸ்டார்ட் செய்தார். ரெஜினா முட்டியைத் தடவியபடி ஓரமாக நின்றாள். ஸ்டான்லி மடக்கிய சீட்டை விடவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தபடி நின்றான். விமலா அவன் திரும்புவான் என்று காத்திருந்தாள். பஸ் போய்விட்டது. அவன் அந்தப் புழுதியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கிளாஸைக் கடையில் வைத்துவிட்டு வந்து, குனிந்து உள்ளே ஏறினாள். அவள் கால் மாட்டிக்கொள்ளாமல் பார்த்து, ஸ்டான்லி மிக மெதுவாகச் சீட்டைத் திருப்பிப் போட்டான்.